சி.டி. பேச மாட்டேங்குது!

விருந்தாளி வாசலில் வந்து நிற்கிறார். திண்ணையில் விளையாடிக்கொண்டிருக்கும் பிள்ளை, "அம்மா! மாமா வந்திருக்கிறார்!" என்று உள்ளே குரல் கொடுக்கிறான். நாமும் கையைத் துடைத்துக்கொண்டு, தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே வருகிறோம். பிள்ளை குரல் கொடுக்காமலிருந்தால்? மாமா வரவில்லை என்று ஆகிவிடுமா? அவர் பாட்டுக்கு வாசலில் நின்றுகொண்டிருப்பார்; நாம் பாட்டுக்கு உள்ளே ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்போம்.

கம்ப்யூட்டருக்குள் சி.டி. போடுகிற விஷயமும் இப்படித்தான். தட்டை உள்ளே தள்ளியதும், "தட்டு வந்திருக்கிறது, என்ன செய்யட்டும்?" என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி எழும்பிக் கேட்கும். சில சமயம் கேட்காது. தட்டு உள்ளே போய்விட்டது. திரை கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. உடனே நாம், "டிரைவ் போய்விட்டது", "சி.டி. கெட்டுவிட்டது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். விருந்தாளியே வரவில்லையா, அல்லது வந்தவரைப் பற்றிப் பிள்ளை குரல் கொடுக்கவில்லையா? இந்த இரண்டும் வேறு வேறு கோளாறுகள். வைத்தியமும் வேறு வேறு.

இது என்ன பிரமாத விஷயம் என்று கேட்பீர்கள். இந்த வித்தியாசத்தைப் பார்க்காததனால் ஒரு குடும்பத்துப் பெரியவருடைய குரல் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். சென்ற வருஷம் தை மாதத்தில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில், அது மயிரிழையில் தப்பியது.

மீன்கார அக்கா

எங்கள் தெருவுக்கு வெகுகாலமாக மீன் கொண்டுவந்தவர் ஓர் அக்கா. பழவேற்காட்டிலிருந்து விடியுமுன் கிளம்பிப் பொன்னேரிக்கு வந்து, அங்கே ரயில் பிடித்து, வடசென்னைக்கு வருவார். கூடையில் இறால், நண்டு, மடவை எல்லாம் இருக்கும். நான் பேரம் பேசினால், "பேசு கண்ணு, பேசு. பேசினாத்தானே எனக்கும் பொழுது போவும்!" என்று சிரிப்பாரே தவிர, விலையில் ஒரு ரூபாய் குறைக்கமாட்டார். முழங்கால் வலி வந்த பிறகு அவர் வருவது நின்றுபோயிற்று. டெலிபோனில் மட்டும் உறவு தொடர்ந்தது.

ஒருநாள் அவருடைய மகள் பேசினாள். "அக்கா, என் கல்யாண சி.டி. ஒண்ணு இருக்குது. கம்ப்யூட்டர்ல போட்டா ஒண்ணுமே வரமாட்டேங்குது. டவுன்ல ஒருத்தர்கிட்டே காட்டினோம். டிரைவும் போச்சு, சி.டி.யும் போச்சு, தூக்கிப் போடுங்கன்னுட்டாரு. அம்மா ரெண்டு நாளா சோறு திங்கல."

கல்யாணம் நடந்தது 2012-ல். 2014-ல் அக்காவின் புருஷர் காலமாகிவிட்டார். பேரன் பிறந்ததோ அதற்கு அடுத்த வருஷம். தாத்தாவுக்குப் புகைப்படம் இருக்கிறது. ரேஷன் கார்டு படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் நடப்பதும் பேசுவதும் சிரிப்பதும் அந்தக் கல்யாணத் தட்டில் மட்டுந்தான் உண்டு. வீடியோக்காரர் இரண்டு தட்டுக் கொடுத்திருந்தார். ஒன்று 2015 டிசம்பர் மழையில் வீட்டுக்குள் வந்த தண்ணீரில் போயிற்று. வீடியோக்காரரும் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விட்டார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு தட்டு.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டருக்கு வைத்தியம் பார்ப்பது நான்தான். என் வீட்டுக்காரருக்கு மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதே ஒரு பெரிய விஞ்ஞானம். நானோ பதினைந்து வருஷம் ஓர் அச்சகத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை கோத்தவள். எத்தனையோ தட்டுகளோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். ஆகையால், "தூக்கிப் போடாதே, நான் வருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். வெளியிலிருந்து ஒயரில் மாட்டுகிற டி.வி.டி. டிரைவ் ஒன்று, நன்றாக ஓடுகிற பழைய சினிமாப் பாட்டு சி.டி. ஒன்று, சுத்தமான பருத்தித் துணி ஒன்று, குழந்தைக்கு ஒரு பொட்டலம் முறுக்கு, இவைதான் என் மருந்துப் பெட்டி.

ராக்கெட்டுக்கு அக்கரை

பழவேற்காட்டைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்கவேண்டும். நம் தேசத்தில் ஒடிஷாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியின் பெரும் பாகம் ஆந்திராவில். தென்கோடி நம் திருவள்ளூர் ஜில்லாவில். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்டிரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். இப்போது கோட்டை மேடாகிவிட்டது. ஆனால் அவர்களுடைய கல்லறைகள், மண்டையோடும் எலும்பும் செதுக்கிய கற்களோடு, இன்னும் நிற்கின்றன. குளிர்காலத்தில் பூநாரைகள் தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீளமாகப் படுத்திருக்கிறது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கேதான் சதீஷ் தவான் விண்வெளி மையம்.

ராக்கெட் கிளம்பினால் குப்பத்துக் குழந்தைகள் கரையிலே நின்று பார்க்கிறார்கள். ராக்கெட் விடும் நாளில் கடலில் இந்தப் பக்கம் போகாதே என்று மீனவர்களுக்கு முன்னதாகவே அறிவிப்பு வந்துவிடும். வானத்துக்குச் சாமான் அனுப்பும் இடத்துக்கு அக்கரையிலே, ஒரு வீட்டில், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய தட்டு ஒன்று வாய் திறக்காமல் அழிச்சாட்டியம் செய்துகொண்டிருந்தது!

நான் போய் இறங்கியபோது அக்கா வாசலில் உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "வா கண்ணு. இன்னா பேச்சுக் குடுத்தாலும் அது பேச மாட்டேங்குது" என்றார். வீட்டிலே யாரோ பெரியவர் கோபித்துக்கொண்டு பேசாமலிருப்பதைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

முறை வைத்துப் பார்த்தல்

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்று ஒரு வழக்கம் உண்டு. ஏரியில் நல்ல வலை போடும் இடங்களில் எல்லோரும் ஒரே நாளில் பாய்ந்துவிடமாட்டார்கள். சீட்டுப் போட்டு, இன்றைக்கு இந்த இடம் இவர்களுக்கு, நாளைக்கு அவர்களுக்கு என்று முறை வைத்துக்கொள்வார்கள். சண்டையும் வராது, ஓர் இடமும் விட்டுப் போகாது. யந்திரத்தின் கோளாறைப் பார்ப்பதற்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. ஒன்றன் பின் ஒன்றாகத்தான் பார்க்கவேண்டும்.

முதல் பாடு டிரைவுக்கு. கம்ப்யூட்டர் பழையது, பேரனுக்காக மருமகன் யாரிடமோ இரண்டாம் கையாக வாங்கியது. விண்டோஸ் 7 போட்டிருந்தது. இணையத் தொடர்பு கிடையாது. டிரைவின் பொத்தானை அமுக்கினேன். தட்டம் வெளியே வந்தது. சரி, அதற்குச் சோறு கிடைக்கிறது, அதாவது மின்சாரம் போகிறது.

இங்கே ஒரு விஷயம். டிரைவுக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள் உண்டு. ஒன்று சோறு போடும் ஒயர். மற்றொன்று பேசும் ஒயர். சோறு கிடைத்தால் தட்டம் வெளியே வரும், விளக்கு எரியும். ஆனால் பேசும் ஒயர் தளர்ந்திருந்தால், உள்ளே ஒரு டிரைவ் இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆகையால் இரண்டாவது பாடு, கம்ப்யூட்டருக்கு டிரைவைத் தெரியுமா என்று பார்ப்பது. திரையில் 'கம்ப்யூட்டர்' என்ற ஜன்னலைத் திறந்தேன். ஹார்ட் டிஸ்க்குப் பக்கத்தில் டி.வி.டி. டிரைவின் சின்னப் படமும் இருந்தது. ஆகவே ஒயரும் சரி.

அந்தப் படமே இல்லாவிட்டால், கம்ப்யூட்டரை அணைத்து, மின்சாரத்தையும் பிடுங்கிவிட்டு, பேசும் ஒயரை அழுத்திப் பொருத்திப் பார்க்கலாம். அதற்கும் மசியவில்லையென்றால், முன்பு யாரோ போட்டு எடுத்த தட்டு எழுதும் புரோகிராம் ஒன்று விண்டோஸின் கணக்குப் புத்தகத்தில் தப்பான வரியை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். அந்தப் புத்தகத்தில் கை வைப்பது தெரிந்தவர்கள் வேலை. நாம் தொடக்கூடாது.

மூன்றாவது பாடு, வேறு தட்டைப் போட்டுப் பார்ப்பது. டவுன்காரர் இதைச் செய்யவேயில்லை என்று மகள் சொன்னாள். நான் கொண்டுபோன சினிமாப் பாட்டு சி.டி.யை உள்ளே வைத்தேன். டிரைவ் 'விர்ர்' என்று சுழன்றது. திரையில் ஒன்றுமில்லை. "பார்த்தீங்களா, அக்கா! இதுவும் வரல" என்றாள் மகள். அவள் முகம் விழுந்துவிட்டது.

நான் அந்தச் சின்னப் படத்தின் மேல் எலியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். உடனே பாட்டுகளின் வரிசை வந்து நின்றது. ஒன்றைத் தட்டினேன். வீடு முழுவதும் பாட்டு!

"அட, உள்ளாரதான் இருந்திச்சா?" என்றார் அக்கா வாசலிலிருந்து.

"இருந்தது, அக்கா. வந்ததைச் சொல்லத்தான் இல்லை."

"அதானே! மீனு இன்னா, நான் வந்துட்டேன்னு கூவிக்கினா வரும்? நாமதான் போய்ப் பார்க்கணும்" என்றார் அவர். இவ்வளவு எளிதாக எனக்குச் சொல்ல வந்திராது.

குரல் கொடுக்கும் வேலை

வந்ததைத் தெரிந்துகொள்வது ஒரு வேலை. தெரிந்ததைக் குரல் கொடுத்துச் சொல்வது மற்றொரு வேலை. கடற்கரைக் குப்பங்களுக்கு இது புதிய பாடமல்ல. 1998-ல் டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்களில் கம்ப்யூட்டர் வைத்த அறிவு மையங்களைத் தொடங்கினார்கள். வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய தகவலைக் கம்ப்யூட்டரில் எடுத்து, ஒலிபெருக்கியில் ஊருக்கே படித்தார்கள். கம்ப்யூட்டருக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம்? படகு தள்ளுகிறவன் காதில் விழுந்தால்தானே உபயோகம்? 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது, நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அவ்வூர்க்காரர் ஒருவர் டெலிபோனில் எச்சரித்தார். செய்தியை மையத்து ஒலிபெருக்கியில் கூவினார்கள். ஊர் எழுந்து ஓடி உயிர் பிழைத்தது. குரல் கொடுப்பதன் மகிமை அவ்வளவு!

கம்ப்யூட்டருக்குள் இந்தக் குரல் கொடுக்கும் பிள்ளைக்கு 'ஆட்டோ ப்ளே' என்று பெயர். தட்டைப் போட்டவுடன் தானே ஓடுகிற வழக்கம் 1995-ல், விண்டோஸ் 95-உடன் வந்தது. சௌகரியந்தான். ஆனால் வாசலில் யார் வந்தாலும் கதவைத் திறந்துவிடுகிற பிள்ளையைத் திருடனும் உபயோகித்துக்கொள்ளலாம் அல்லவா? பென் டிரைவில் ஒளிந்து வந்த வைரஸ்கள் அதைத்தான் செய்தன. 2008-ல் கிளம்பி உலகத்தையே ஆட்டிய 'கான்ஃபிக்கர்' என்ற புழுவுக்கும் இது ஒரு வழியாக இருந்தது. ஆகவே 2011-ல் மைக்ரோசாஃப்ட், பென் டிரைவில் இருப்பது தானாக ஓடாதபடி பழைய விண்டோஸ்களுக்கும் பூட்டுப் போட்டது, சி.டி.க்கும் டி.வி.டி.க்கும் அந்தப் பூட்டு இல்லை. சிலரோ பயந்து எல்லாவற்றையுமே அணைத்துவிடுவார்கள். இந்தப் பழைய கம்ப்யூட்டரை விற்ற மனிதர் செய்ததும் அதுதான். கண்ட்ரோல் பேனலில் 'ஆட்டோ ப்ளே' என்ற இடத்தில், எல்லாவற்றுக்கும் உபயோகி என்ற கட்டத்தில் டிக் குறி இல்லை. போட்டேன். தட்டை எடுத்து மறுபடி வைத்ததும் பெட்டி எழும்பி, என்ன செய்யட்டும் என்று கேட்டது. பேரன் கைதட்டினான்.

இன்றைய கம்ப்யூட்டர்களில் இதே குறி 'செட்டிங்ஸ்' பகுதிக்குள், சாதனங்கள் என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. பெயர் அதே ஆட்டோ ப்ளேதான்.

ஒரு கோளாறு தீர்ந்தது. அடுத்து கல்யாணத் தட்டை வைத்தேன். டிரைவ் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது, நின்றது. பெட்டி எழும்பவில்லை. சின்னப் படத்தைத் தட்டினால், "தட்டை வையுங்கள்" என்றது! இது குரல் கொடுக்காத பிள்ளையின் கோளாறு அல்ல; விருந்தாளிக்கே உடம்பு சரியில்லை.

மஞ்சளும் குங்குமமும்

தட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். நடுத் துளையைச் சுற்றி மஞ்சளாக ஒரு படலம். நடுநடுவே சிவப்புப் பொட்டுகள். "இதை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"சாமி மாடத்துலதான். அவரு படத்தாண்ட" என்றார் அக்கா.

பத்து வருஷத்துக் குங்குமமும் மஞ்சளும் விளக்கு எண்ணெயின் ஆவியும், போதாததற்குக் கடற்காற்றின் உப்பும் அந்தத் தட்டில் படிந்திருந்தன. அன்பினால் வந்த அழுக்கு. யாரைக் குற்றம் சொல்வது?

அந்த அழுக்கு நடுவில் இருந்தது ஏன் பெரிய விஷயம் என்று சொல்கிறேன். நம் பழைய கிராமபோன் தட்டில் ஊசி விளிம்பிலிருந்து உள்நோக்கிப் போகும். சி.டி.யும் டி.வி.டி.யும் நேர்மாறு. ஊசிக்குப் பதில் லேசர் ஒளி. அது நடுவிலிருந்து வெளியே போகும். தட்டின் ஜாதகம் முழுவதும், அதாவது இது என்ன வகைத் தட்டு, உள்ளே என்ன இருக்கிறது, எங்கே தொடங்குகிறது என்பதெல்லாம், நடுத் துளைக்குப் பக்கத்தில்தான் எழுதியிருக்கும். அதைப் படிக்க முடியாவிட்டால் டிரைவ், தட்டே இல்லை என்று சொல்லிவிடும். விளிம்பில் நான்கு கீறல் இருந்தாலும் பாதிக் கல்யாணம் பார்த்துவிடலாம். நடுவில் ஒரு குங்குமப் பொட்டு விழுந்தால் நிச்சயதாம்பூலமே நடக்காது!

எழுத்தும் சாமானியமான எழுத்தல்ல. டி.வி.டி.யில் அது ஒரே சுருளாகச் சுற்றிச் சுற்றிப் போகிறது. சுற்றுக்கும் சுற்றுக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். ஒரு தலைமயிரின் தடிப்புக்குள் ஐம்பது சுற்றுக்கு மேல் அடங்கிவிடும். பிரித்து நீட்டினால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் போகும். சி.டி. கொஞ்சம் தாராளம், 1.6 மைக்ரான் இடைவெளி, 5 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம்.

இதிலிருந்துதான் துடைக்கும் சாஸ்திரமும் வருகிறது. நாம் தாம்பாளத்தைத் துடைப்பது போலத் தட்டை வட்டமாகத் துடைக்கக்கூடாது. வட்டமாகக் கீறல் விழுந்தால் எழுத்து ஓடுகிற திசையிலேயே ஒரு நீளமான பகுதி அழிந்துவிடும். நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கவேண்டும். அப்படிக் கீறல் விழுந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சந்தான் போகும். அந்தக் கொஞ்சத்தை ஈடுகட்டுவதற்கு, விட்டுப்போன எழுத்தைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு தட்டிலேயே இருக்கிறது.

ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வாங்கி, ஒரே ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர் விட்டு, விரல் நுனியால் மெதுவாகக் கழுவினேன். மஞ்சள் கரைந்தது. மறுபடி நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஒற்றி, நிழலில் வைத்தேன். மண்ணெண்ணெய், தின்னர், நகப்பூச்சு எடுக்கும் திரவம் எதுவும் ஆகாது. பிளாஸ்டிக் வெந்துவிடும். அக்கா பக்கத்திலேயே நின்று, பச்சைக் குழந்தைக்குத் தலைக்குத் தண்ணீர் விடுவதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொண்ணு அங்கே கீது பாரு!

காய்ந்த தட்டை அவர்களுடைய டிரைவில் வைத்தேன். சுழன்றது, யோசித்தது, கைவிட்டுவிட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. மகள் மாத்திரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இங்கேதான் பலர் தட்டைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். கம்பெனியில் அச்சடித்து வரும் சினிமாத் தட்டு வேறு; வீடியோக்காரர் தம் கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கும் தட்டு வேறு. முன்னதில் எழுத்து குழிகுழியாக வார்க்கப்பட்டிருக்கும். பின்னதில் ஒரு சாயப் பூச்சின் மேல் லேசர் சுட்டு எழுதியிருக்கும். நாள்பட்டால் சாயம் மங்கும். ஒளி திரும்புவதும் குறையும். டிரைவின் கண்ணாடியிலும் தூசும் உப்பும் படிந்திருந்தால், அச்சுத் தட்டைப் படித்துவிடுகிற அதே டிரைவ் எழுதிய தட்டைப் படிக்கத் திணறும். ஒரு டிரைவ் மறுத்த தட்டை மற்றொரு டிரைவ் ஏற்றுக்கொள்வதும் இதனால்தான்.

நான் கொண்டுபோயிருந்த டிரைவைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்துத் துளையில் மாட்டினேன். முன்பக்கத்துத் துளையில் சில சமயம் போதிய மின்சாரம் கிடைக்காது. தட்டை வைத்து மூடினேன். சுழன்றது. ஒரு நிமிஷம் போயிற்று. பேரன் முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டான்.

திரையில் பெட்டி எழும்பிற்று.

பார்ப்பதற்கு முன்னால் நகல் எடுக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சாகக் கிடக்கும் தட்டு எத்தனை தடவை ஓடும் என்று யாருக்குத் தெரியும்? உள்ளே படம் நான்கு துண்டுகளாக இருந்தது. முதல் மூன்றும் நிதானமாக ஹார்ட் டிஸ்க்குக்கு வந்து சேர்ந்தன. நான்காவது, விளிம்பை நெருங்கும்போது, பாதியில் நின்றுவிட்டது. தட்டின் ஓரத்தில் காற்றுப் புகுந்து பூச்சு உரிந்திருந்தது. டி.வி.டி. என்பது இரண்டு மெல்லிய தட்டுகளை நடுவில் பூச்சு வைத்து ஒட்டியது. ஒட்டு விட்டால் போனது போனதுதான். பந்திச் சாப்பாட்டின் பிற்பகுதியும் மறுவீட்டு அழைப்பும் கிடைக்கவில்லை.

"சாப்பாடு போனா போவுது" என்றார் அக்கா. "அவரு வர்றாரா பாரு."

வந்தார். இரண்டாவது துண்டில், தாலி கட்டி முடிந்ததும், வேட்டியை மடித்துக் கட்டியபடி யாருக்கோ நாற்காலி தூக்கிக்கொண்டு போகிறார். காமிரா அவர் பக்கம் திரும்புகிறது. அவர் நின்று, அதட்டுகிறார்:

"இன்னாத்துக்குப்பா என் மூஞ்சியைப் பிடிக்கிறே? பொண்ணு அங்கே கீது பாரு!"

அவ்வளவுதான். ஐந்து விநாடி இருக்கும். பேரன், "அம்மா, தாத்தாவா? தாத்தா ஏன் கத்தறாரு?" என்று கேட்டான். மகள் சிரித்துக்கொண்டே அழுதாள். அக்கா திரையை ஒரு தடவை பார்த்தார். "இன்னும் ஒருவாட்டி போடு" என்றார். போட்டேன். பிறகு, "கருவாட்டைக் காக்கா தூக்கிடும்" என்று சொல்லிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே வெகுநேரம் கருவாட்டைப் புரட்டுகிற சத்தமே கேட்கவில்லை.

நம் வீட்டு அலமாரி

ஊருக்குத் திரும்புமுன் மூன்று நகல்கள் செய்தோம். ஒன்று அந்தக் கம்ப்யூட்டரில்; ஒன்று பென் டிரைவில்; ஒன்று மகளுடைய டெலிபோனில். ஏரிக்கரை வீட்டில் உப்புக்காற்றும் மழையும் எப்போது என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. ஆகவே பென் டிரைவ் மட்டும் பொன்னேரியிலிருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போயிற்று.

சகோதரிகளே, உப்புக்காற்று பழவேற்காட்டில் மட்டுமா இருக்கிறது? சென்னையின் கடற்கரை வீடுகளிலும், நாகப்பட்டினத்திலும், தூத்துக்குடியிலும் அதே காற்றுத்தான். உள்நாட்டு வீடுகளுக்கும் வெயில் இருக்கிறது, புழுக்கம் இருக்கிறது. முதல் சி.டி. 1982-ல் கடைக்கு வந்தபோது அழிவில்லாத தட்டு என்று பெருமையாகப் பேசினார்கள். ஆனால் வீட்டுக் கல்யாணத்தை எழுதிய தட்டுக்கு அந்தப் பெருமை பொருந்தாது. சீமந்தம், ஆண்டுநிறைவு, அரங்கேற்றம், பாட்டியின் சதாபிஷேகம் என்று எத்தனையோ தட்டுகள் நம் அலமாரியில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடக்கின்றன. இப்போது வாங்கும் மடிக்கணினிகள் பலவற்றில் தட்டுப் போட இடமே கிடையாது. படிக்கிற டிரைவ் அக்கம்பக்கத்தில் கிடைக்கும்போதே வேலையை முடித்துக்கொள்வது நல்லது.

தட்டைப் போட்டு ஒன்றும் வராவிட்டால் பதறவேண்டாம். டிரைவின் தட்டம் வெளியே வருகிறதா? திரையில் அதன் படம் இருக்கிறதா? அதைத் தட்டித் திறந்தால் திறக்கிறதா? வேறு தட்டு ஓடுகிறதா? ஆட்டோ ப்ளே குறி இருக்கிறதா? தட்டின் நடுப்பாகம் சுத்தமா? வேறு டிரைவில் போட்டுப் பார்த்தாயிற்றா? இந்த ஏழு கேள்விகளுக்கும் வரிசையாகப் பதில் தெரிந்துகொள்ளாமல், யார் சொன்னாலும் தட்டைக் குப்பையில் போடாதீர்கள். ஓடுகிற தட்டாக இருந்தால் உடனே நகல் எடுங்கள். பிறகு விளிம்பைப் பிடித்து எடுத்து, உறையில் போட்டு, வெயில் படாத உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மேலே காகிதம் ஒட்டுவதும், பால்பாயின்ட் பேனாவால் அழுத்தி எழுதுவதும் வேண்டாம். சி.டி.யில் எழுத்தைத் தாங்கும் பூச்சு பெயர் எழுதுகிற மேல் பக்கத்தில்தான், ஒரு மெல்லிய வார்னிஷுக்கு அடியில் இருக்கிறது. கீழ்ப்பக்கத்தைவிட மேல் பக்கத்துக்குத்தான் ஆபத்து அதிகம்.

சாமி மாடத்தில் வைக்கவேண்டும் என்று ஆசையாயிருந்தால், தாராளமாக வையுங்கள். உறையோடு வையுங்கள். பொட்டை உறைக்கு வைத்தால் போதும்.